ஆஃப் செய்தும் அணையாத மாட்யூல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிப் பலகையும் (இனி சுருக்கமாகப் 'பை') மறு கையில் பிரெட்போர்டுமாக வாசலில் வந்து நின்றான். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம், ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் நேரம். "அங்கிள், அஞ்சு வோல்ட் வயரையே பிடுங்கிட்டேன், இன்னும் லைட் எரியுது" என்றான். பார்த்தால் உண்மைதான். தூசி சென்சாருக்குப் போகும் சிவப்பு வயர் காற்றில் தொங்குகிறது. சென்சாரோடு சேர்த்து வைத்திருந்த சின்னப் பலகையில் சிவப்பு எல்இடி மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், எரிந்துகொண்டிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்தேன். எதுவுமே இணைக்காத அந்த 5 வோல்ட் முனையில் 2.6 வோல்ட் இருந்தது.

சென்சாரை அணைக்கவும் ஏற்றவும் போட்ட டிரான்சிஸ்டரை இரண்டு நாளாக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். குற்றம் டிரான்சிஸ்டரில் இல்லை. ஒரு மாட்யூலுக்கு, அதாவது பையோடு இணைக்கும் சென்சார் போன்ற துணைப் பலகைக்கு, மின்சாரத்தை நிறுத்துவது என்றால் நாம் எல்லோரும் சிவப்பு வயரைத்தான் நினைக்கிறோம், அது பாதி வேலைதான். மாட்யூலோடு பேசுவதற்காகப் போட்டிருக்கும் மஞ்சள், பச்சை வயர்கள் இருக்கின்றனவே, அவையும் மின்சாரம் கொண்டுபோகும். இதை விளக்கும் அளவுக்கு அந்த ஒரு சாயங்காலத்தில் நேரம் போதவில்லை, அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அவன் எதற்காக இதைச் செய்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் புகைமூட்டம் என்றால் எல்லோருக்கும் 2013 ஜூன் 21 நினைவுக்கு வரும், அன்று நண்பகலில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. தேசிய சுற்றுப்புற வாரியம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரங்களுக்கு அளவு வெளியிடுகிறது, அது நாட்டு நிலைமைக்குப் போதும். ஆனால் என் வீட்டுச் சமையலறை ஜன்னலில், என் புளோக்கின் 12-வது மாடியில், இந்த நிமிடம் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அதற்கு எஸ்டிஎஸ்011, பிஎம்எஸ்5003 போன்ற சின்ன லேசர் சென்சார்கள் கிடைக்கின்றன. உள்ளே ஒரு லேசர், ஒரு குட்டி விசிறி. விசிறி காற்றை இழுக்கும், தூசியில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணிக் கணக்குச் சொல்லும்.

எஸ்டிஎஸ்011-இன் தரவுத்தாளில் அதன் ஆயுள் 8000 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். கேட்க நிறைய மாதிரி இருக்கும், 24-ஆல் வகுத்தால் 333 நாள். விடாமல் ஓடவிட்டால் ஒரு வருடம் முழுசாக வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டால் அதே சென்சார் நாலரை வருடம் தாங்க வேண்டும். ஆக அதை அணைத்து அணைத்து ஏற்றுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பவர் பேங்கில் ஓட்டினால் இன்னொரு காரணமும் சேரும், அந்த சென்சார் ஓடும்போது ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் இழுக்கிறது.

சரி, 70 மில்லிஆம்பியர். ஏன் ஜிபிஐஓ பின்னிலிருந்தே, அதாவது நிரலால் ஏற்றி இறக்கக்கூடிய காலிலிருந்தே, நேராகக் கொடுத்துவிடக் கூடாது? எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ராஸ்பெர்ரி பையின் 40 பின்களில் கட்டுப்பாட்டுக்கு இருப்பவை 3.3 வோல்ட் பின்கள். ஒன்றுக்கு அதிகபட்சம் 16 மில்லிஆம்பியர், எல்லாம் சேர்த்து 50-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது வெகுகாலமாக எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அந்த 16 என்பது தடுப்புச் சுவர் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவ்வளவு இழுத்தால் வோல்டேஜ் நியாயமான அளவில் நிற்கும் என்பதற்கான உறுதி மட்டும்தான் அது. அதற்கு மேல் இழுத்தால் பின் தன்னைத்தானே மூடிக்கொள்ளாது, கொடுத்துக்கொண்டே இருக்கும், சூடாகும், ஒரு நாள் செத்துப்போகும். அந்தப் பின்னோடு சிப்பும் போகலாம்.

நேராகக் கொடுக்கக்கூடிய இடமும் உண்டு. எங்கள் வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு கம்பி உள்ள மலிவான ஈரப்பத சென்சார் குத்தியிருக்கிறேன். அது சில மில்லிஆம்பியர்தான் இழுக்கும், 3.3 வோல்ட்டில் ஓடும். அதை எப்போதும் மின்சாரத்தில் வைத்தால் ஈர மண்ணில் மின்பகுப்பு நடந்து கம்பி அரித்துப்போகும். அளக்கும் ஒரு வினாடிக்கு மட்டும் ஜிபிஐஓவை ஏற்றி, அளந்து, இறக்கிவிடுகிறேன். இதற்கு டிரான்சிஸ்டரே தேவையில்லை. சில மில்லிஆம்பியருக்குள் இருந்து, 3.3 வோல்ட்டில் ஓடி, விசிறியோ மோட்டாரோ ரேடியோவோ இல்லாத பொருள் என்றால் இப்படியே செய்யலாம். மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வாயில்காப்போன் வேண்டும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்குப் பதில் 5 வோல்ட் பின். 2-வது பின்னும் 4-வது பின்னும் அடாப்டரிலிருந்து வரும் அதே 5 வோல்ட்தான், சிப் வழியாக வருவதில்லை, அதனால் அடாப்டர் தாங்கும் வரை தாராளமாக எடுக்கலாம். ஆனால் இதை எந்த நிரலாலும் நிறுத்த முடியாது. பையை முறையாக ஷட்டவுன் செய்த பிறகும் அடாப்டர் சுவரில் இருக்கும்வரை அந்த இரண்டு பின்களும் உயிரோடுதான் இருக்கும். ஆக 5 வோல்ட் பின்னுக்கும் மாட்யூலுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச், அதை இயக்க ஒரு ஜிபிஐஓ.

ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், போடலாமே என்பார்கள். கடையில் கிடைக்கும் நீல நிறச் சதுர ரிலேயின் 5 வோல்ட் காயில் ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் எடுக்கும். சென்சார் எடுப்பதும் அவ்வளவுதான். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போய் அதே அளவைக் காயிலுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை, ராத்திரி முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று வேறு சத்தம் போடும். 230 வோல்ட் விளக்கு, ஃபேனுக்குத்தான் ரிலே, அதுவும் திறந்த பலகையில் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யக் கூடாது. சுவருக்குள் இருக்கும் வயரிங்கைத் தொட உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும் என்பது இங்கே சட்டம், அதில் விளையாட வேண்டாம்.

ஆகவே மாஸ்ஃபெட், வோல்டேஜால் திறந்து மூடும் ஒரு வகை டிரான்சிஸ்டர். மூன்று கால்: கேட், டிரெய்ன், சோர்ஸ். கேட்டில் வோல்டேஜ் கொடுத்தால் மற்ற இரண்டுக்கும் நடுவில் வழி திறக்கும், கேட்டுக்குள் மின்னோட்டம் ஏறக்குறைய போவதே இல்லை. அதனால்தான் பலவீனமான ஜிபிஐஓவுக்கு இது பொருத்தம்.

பையன் முதலில் வாங்கியது இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்520 பலகை. ஆர்டுயினோ என்ற இன்னொரு கட்டுப்பாட்டுப் பலகைக்கு என்று விற்பார்கள், பைக்கும் ஆகும் என்று எழுதியிருப்பார்கள். அதன் தரவுத்தாளில் கேட் த்ரெஷோல்டு (திறக்கத் தொடங்கும் வோல்டேஜ்) 2 முதல் 4 வோல்ட் என்று இருக்கும், "நம்மிடம் 3.3 இருக்கிறதே, திறந்துவிடும்" என்று தோன்றும். அந்த எண் சொல்வது வேறு. 250 மைக்ரோஆம்பியர், அதாவது கால் மில்லிஆம்பியர், கசிய ஆரம்பிக்கும் இடம் அது. கதவு இப்போதுதான் விரிசல் விடுகிறது, அவ்வளவுதான். அந்த மாஸ்ஃபெட் நன்றாகத் திறந்து 0.27 ஓமாக நிற்பது கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால். 3.3-இல் ஒரு துண்டு வேலை செய்யும், அதே பாக்கெட்டிலிருந்து எடுத்த இன்னொன்று செய்யாது. தரவுத்தாளில் பார்க்க வேண்டிய வரி, எத்தனை கேட் வோல்ட்டில் அதன் ஆன் தடையை அளந்தார்கள் என்பது. ஏஓ3400 மாதிரியானவற்றில் 2.5 வோல்ட்டிலேயே அளந்து எழுதியிருப்பார்கள், அது பைக்கு ஏற்றது. சிம் லிம் டவரில் உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது 'லாஜிக் லெவல்' என்று மட்டும் கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் லாஜிக் என்பதற்கு 5 வோல்ட் என்றும் ஒரு பொருள் உண்டு.

இப்போது எந்தப் பக்கம் துண்டிப்பது என்ற கேள்வி. இணையத்தில் பாதிக்கு மேற்பட்ட படங்கள் என்-சேனல் மாஸ்ஃபெட்டை (கேட்டை மேலே ஏற்றினால் திறக்கும் வகை) கிரவுண்டு பக்கம், அதாவது 0 வோல்ட் பக்கம், போட்டுக் காட்டும். ஜிபிஐஓவிலிருந்து கேட்டுக்கு ஒரு வயர், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 அல்லது 100 கிலோஓம், அவ்வளவுதான், எளிமை. எல்இடி பட்டைக்கும் மோட்டாருக்கும் இது அருமையான முறை (மோட்டார், சோலனாய்டு என்றால் குறுக்கே ஒரு டயோடு, அதாவது ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பொருள், மறக்காதீர்கள்). ஆனால் பையோடு பேசும் மாட்யூலுக்கு இது ஆபத்து, எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிரவுண்டை வெட்டினீர்கள். மாட்யூலின் 5 வோல்ட் அப்படியே இருக்கிறது. போக வழியில்லாத மின்சாரம் மாட்யூலின் எல்லாப் பகுதியையும் 5 வோல்ட்டை நோக்கித் தூக்குகிறது, அதன் 'கிரவுண்டு' உட்பட. இப்போது மாட்யூலுக்கும் பைக்கும் நடுவில் சிக்னல் வயர்கள் இருக்கின்றன. சிப்களின் ஒவ்வொரு காலுக்கும் உள்ளே நிலைமின் பாதுகாப்புக்காக இரண்டு டயோடு இருக்கும், ஒன்று கிரவுண்டிலிருந்து காலுக்கு, ஒன்று காலிலிருந்து மேல் வோல்டேஜுக்கு. மேலே ஏறிய அந்தக் கிரவுண்டு, கீழ் டயோடு வழியாக சிக்னல் வயருக்குள் இறங்கி, பையின் பின்னுக்குள் போகப் பார்க்கும். பையின் பின் 5 வோல்ட் தாங்காது. அந்த நேரத்தில் பை ஒரு பின்னை 0-இல் வைத்திருந்தால் இன்னும் மோசம், மாட்யூல் முழுவதும் அந்த ஒரு பின்னையே கிரவுண்டாக வைத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். 16 மில்லிஆம்பியர் பின்னில் 70 மில்லிஆம்பியர். அணைத்தோம் என்று நினைத்த மாட்யூல் அணைவதில்லை, கூடவே பையும் அடிபடுகிறது.

அதனால் என் கருத்து கறாரானது: சிக்னல் வயர் ஒன்றுகூட இருக்கும் எந்த மாட்யூலுக்கும் கிரவுண்டைத் தொடாதீர்கள். 5 வோல்ட் பக்கத்தை வெட்டுங்கள்.

அதற்குப் பி-சேனல் மாஸ்ஃபெட். ஏஓ3401 நல்ல பழக்கமான எண். சோர்ஸ் 5 வோல்ட் பக்கம், டிரெய்ன் மாட்யூல் பக்கம், கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 100 கிலோஓம். கேட்டும் சோர்ஸும் ஒரே வோல்டேஜில் இருந்தால் மூடியிருக்கும், கேட்டை கிரவுண்டை நோக்கி இழுத்தால் திறக்கும். திறந்த நிலையில் தடை ஏறத்தாழ 60 மில்லிஓம், 70 மில்லிஆம்பியருக்கு இழப்பு 4 மில்லிவோல்ட், கணக்கிலேயே வராது. டிரெய்னையும் சோர்ஸையும் மாற்றி வைத்துவிட்டால் உள்ளே பிறவியிலேயே இருக்கும் டயோடு வழியாக மின்சாரம் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும், என்ன செய்தாலும் அணையாது. அரிசி அளவுப் பொருள் இது, பிரெட்போர்டில் நேராகக் குத்த முடியாது, அதற்கென்று சின்ன அடாப்டர் பலகையில் ஈயம் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பையனும் அதில்தான் முதல் நாள் மாட்டியிருக்கிறான். ஜிபிஐஓவை நேராகப் பி-சேனல் கேட்டில் இணைத்தான். 0 கொடுத்தால் திறந்தது, நன்றாகத்தான் இருந்தது. 1 கொடுத்தால் மூட வேண்டும், மூடவில்லை. பையின் 1 என்பது 3.3 வோல்ட். சோர்ஸில் 5 இருக்கிறது. வித்தியாசம் 1.7 வோல்ட், அந்த மாஸ்ஃபெட்டுக்குத் திறந்திருக்க அதுவே போதும். பின்னை இன்புட்டாக மாற்றினாலும் 100 கிலோஓம் வழியாக 5 வோல்ட் அந்த 3.3 வோல்ட் பின்னை எட்டிப் பார்க்கும், அதுவும் நல்லதில்லை. தீர்வு நடுவில் ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர், பிசி547 போதும். ஜிபிஐஓவிலிருந்து 10 கிலோஓம் வழியாக அதன் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. இப்போது 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப், 5 வோல்ட் பையின் பின் பக்கமே வராது. சில காசுகள் பெறும் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர்.

எந்த ஜிபிஐஓ என்பதும் முக்கியம். பை எழுந்து, லினக்ஸ் ஏறி, உங்கள் நிரல் ஓட ஆரம்பிக்கும்வரை அரை நிமிடம்கூட ஆகலாம், அதுவரை பின்கள் எல்லாம் இன்புட்டாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே லேசான இழுப்பு ஒன்று இருக்கும்: 0 முதல் 8 வரையுள்ள ஜிபிஐஓக்கள் மேலே இழுக்கப்பட்டிருக்கும், 9 முதல் 27 வரை கீழே. 4-ஐயோ 5-ஐயோ எடுத்தால் பை எழும் நேரமெல்லாம் மாட்யூல் தானாக ஆன் ஆகும். 17, 22, 27 இப்படி எடுத்தால் அமைதியாக இருக்கும். உள் இழுப்பை மட்டும் நம்பாமல் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் போட்டுவிடுவேன். பைத்தானில் ஜிபிஐஓசீரோ நூலகத்தைப் பயன்படுத்தினால் நிரல் முடிந்ததும் பின்னை அது விட்டுவிடும், பின் இன்புட்டாகும், மாட்யூல் அணையும். நிரல் பாதியில் பிழையோடு நின்றாலும் பெரும்பாலும் விசிறி ஓடிக்கொண்டே இருக்காது. பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகத்தை வைத்து எழுதிய நிரல் பை 5-இல் ஓடாது, அதில் ஜிபிஐஓ வேறு சிப்புக்குப் போய்விட்டது.

அப்புறம் ஆன் செய்யும் அந்தக் கணம். மாட்யூலின் பலகையில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 5 வோல்ட்டுக்கு அது ஒரு மில்லிவினாடியில் நிறைந்தால் அரை ஆம்பியர் போதும். அதே கெபாசிட்டர் 10 மைக்ரோவினாடியில் நிறைய வேண்டும் என்றால் கணக்குப்படி 50 ஆம்பியர். வயரின் தடை அதை விடாது, ஆனால் இழுக்கப் பார்க்கும், 5 வோல்ட் ஒரு கணம் சரியும். பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னல் படம் காட்டி எச்சரிக்கும், இன்னும் சரிந்தால் ரீபூட் ஆகும். "சென்சாரை ஆன் பண்ணினா பை ரீஸ்டார்ட் ஆகுது" என்ற புகாரில் பெரும்பாலும் காரணம் இதுதான். மாஸ்ஃபெட்டை மெதுவாகத் திறந்தால் போதும்: கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 100 நானோஃபாரட், பிசி547-இன் கலெக்டருக்கும் கேட்டுக்கும் நடுவில் 10 கிலோஓம். ஒரு மில்லிவினாடி அளவில் நிதானமாகத் திறக்கும்.

இவ்வளவையும் ஒரே சிப்புக்குள் வைத்து 'லோட் சுவிட்ச்' என்று விற்கிறார்கள். டிபிஎஸ்22918 ஒரு உதாரணம், 5.5 வோல்ட் வரை, 2 ஆம்பியர் வரை தாங்கும், 3.3 வோல்ட் ஜிபிஐஓவை நேராக எடுத்துக்கொள்ளும், ஏறும் வேகத்தை ஒரு கெபாசிட்டரால் மாற்றிக்கொள்ளலாம், அணைத்ததும் மிச்சச் சார்ஜை இறக்கவும் வழி இருக்கிறது. பலகை அடிக்கப் போகிறவர்கள் இதையே போடுங்கள். கற்றுக்கொள்ளும் பையனுக்கு மட்டும் நான் முதலில் டிரான்சிஸ்டரில் கட்டச் சொன்னேன், எது எதற்காக இருக்கிறது என்று கை அறிய வேண்டும்.

இப்போது அந்த மங்கலான விளக்குக்கு வருகிறேன். பையன் 5 வோல்ட் வயரையே பிடுங்கிவிட்டான், சுவிட்ச் எப்படி இருந்தாலும் இதைவிட முழுதாக அணைக்க முடியாது. ஆனால் சென்சாரும் பையும் பேசும் சீரியல் இணைப்பில் (ஒரே வயரில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் முறை) பையின் அனுப்பும் வயர், அதாவது ஜிபிஐஓ 14, சும்மா இருக்கும்போது 0-இல் இருக்காது. சீரியல் மரபில் ஓய்வு நிலை என்பதே 1, அதாவது 3.3 வோல்ட். அந்த 3.3 வோல்ட் மாட்யூலின் பெறும் காலுக்குள் போகிறது. மாட்யூலில் மின்சாரம் இல்லாததால் மேல் வோல்டேஜ் 0, ஆகவே காலிலிருந்து மேலே போகும் பாதுகாப்பு டயோடு திறக்கிறது, 0.6 சொச்சம் வோல்ட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மாட்யூலின் மின்சாரப் பாதைக்குள் விடுகிறது. மீட்டர் காட்டிய 2.6 இப்படித்தான் வந்தது. முன் கதவைப் பூட்டியாயிற்று, பின்பக்க ஜன்னல் வழியாக வீட்டுக்குள் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது.

எல்இடி எரிவது சின்ன விஷயம். பெரிய விஷயம் மாட்யூலுக்குள் இருக்கும் சிப் 2.6 வோல்ட்டில் சாகாமலும் வாழாமலும் கிடப்பது. அது ரீசெட் ஆவதில்லை. மறுபடி 5 வோல்ட் கொடுத்தால் புதிதாகப் பிறந்ததாக நினைக்காமல் பழைய குழப்பத்திலிருந்தே தொடர்கிறது. தொங்கிப்போன சென்சாரை உயிர்ப்பிக்கத்தானே மின்சாரத்தை வெட்டினோம், அந்த நோக்கமே கெட்டுவிடுகிறது. பையனின் சென்சார் பத்தில் மூன்று முறை எழுந்திருக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம், அவன் நிரலில் தேடிக்கொண்டிருந்தான்.

சரிசெய்வது வரிசை முறை. அணைக்கும்போது முதலில் சீரியல் போர்ட்டை மூட வேண்டும், பிறகு ஜிபிஐஓ 14-ஐ சீரியல் வேலையிலிருந்து எடுத்து 0-க்கு இறக்க வேண்டும் அல்லது கீழ் இழுப்போடு இன்புட்டாக்க வேண்டும், மாட்யூலுக்குப் போகும் மற்ற கட்டுப்பாட்டு வயர்களையும் அப்படியே, அதன் பிறகுதான் சுவிட்சை மூட வேண்டும். ஏற்றும்போது தலைகீழ்: முதலில் மின்சாரம், கொஞ்சம் பொறுத்து சீரியல். போர்ட்டை மூடினால் மட்டும் போதாது, மூடிய பிறகும் பின் 1-லேயே நிற்கும், பலர் ஏமாறுவது இங்கேதான். அனுப்பும் வயரில் 1 கிலோஓம் ஒன்றைத் தொடராகப் போட்டுவைத்தால் மறந்துபோன நாளிலும் கள்ள வழியில் போவது 3 மில்லிஆம்பியருக்குள் அடங்கும், வினாடிக்கு 9600 பிட் என்ற சென்சாரின் வேகத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. மாட்யூல் பக்கக் கெபாசிட்டரில் மிஞ்சும் சார்ஜை இறக்க, அதன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே இன்னொரு 1 கிலோஓம். 100 மைக்ரோஃபாரட் அரை வினாடியில் வடிந்துவிடும், ஓடும்போது 5 மில்லிஆம்பியர் கூடுதல் செலவு. இரண்டு வினாடி காத்திருந்து மறுபடி ஏற்றினால் மாட்யூல் உண்மையாகவே புதிதாக எழும்.

ஐ2சி மாட்யூல், அதாவது பல சென்சார்கள் ஒரே இரண்டு வயரைப் பகிர்ந்து பேசும் ரகம், என்றால் இந்த வரிசையும் கைகொடுக்காது. பையின் ஜிபிஐஓ 2, 3 இரண்டிலும் பலகையிலேயே 1.8 கிலோஓம் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்குக் கட்டியிருக்கிறது, நிரலால் எடுக்க முடியாது. ஒவ்வொரு வயரிலும் ஒன்றரை மில்லிஆம்பியர் எப்போதும் காத்திருக்கிறது. மின்சாரம் இல்லாத மாட்யூல் அதைக் குடிக்கும், கூடவே அந்த இரண்டு வயரையும் கீழே இழுத்துப் பிடித்து அதே பஸ்ஸில் (பொது வயர்களில்) இருக்கும் மற்ற சென்சார்களின் வாயையும் அடைத்துவிடும். வழி இருக்கிறது, மின்சாரம் இல்லாதபோது கால்களைத் தளரவிடும் பஃபர் அல்லது பஸ் சுவிட்சை நடுவில் வைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அணைத்தே ஆக வேண்டுமா என்று பாருங்கள். பிஎம்இ280 மாதிரி வெப்ப, ஈரப்பத சென்சார் தூங்கும்போது எடுப்பது ஒரு மைக்ரோஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. அதைப் போய் வெட்டுவதில் ஒரு லாபமும் இல்லை.

இந்தக் கேள்வியை எல்லா மாட்யூலிடமும் கேட்க வேண்டும். பிஎம்எஸ்5003-இல் செட் என்று ஒரு கால் இருக்கிறது, அதை 0-க்கு இழுத்தால் விசிறியும் லேசரும் நின்று 200 மைக்ரோஆம்பியருக்குள் தூங்கும். எஸ்டிஎஸ்011-க்குச் சீரியலில் தூங்கச் சொல்லும் கட்டளையே உண்டு. லேசர் ஆயுளைக் காப்பாற்ற இவை போதும், தினசரி ஆன் ஆஃபுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துவேன். மின்சாரத்தை வெட்டும் சுவிட்சை மாட்யூல் தொங்கிப்போகும் நாளுக்கு வைத்திருப்பேன்.

4ஜி மாட்யூல் வேறு ரகம். (பழைய சிம்800 வகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அது 2ஜி மட்டும், இங்கே 2ஜி 2017 ஏப்ரலிலேயே மூடப்பட்டுவிட்டது.) சிம்7600 போன்றவை அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை திடீரென்று இழுக்கும், பையின் 5 வோல்ட் பின்னை அதோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம், தனி மின்சாரம் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் சேருங்கள். பவர்-கீ என்ற காலால் முறையாக அணையச் சொல்லி, அது நெட்வொர்க்கிலிருந்து விடைபெற்ற பிறகுதான் சுவிட்சை மூட வேண்டும். யூஎஸ்பியில் குத்தும் ரகத்தைப் பையிலேயே நிறுத்தலாம் என்றால், பை 4-இல் நான்கு போர்ட்டும் சேர்ந்துதான் அணையும், கீபோர்டும் கூடப் போகும்.

பையன் அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தான். ஜிபிஐஓ 17, ஒரு பிசி547, ஒரு ஏஓ3401, நான் சொன்ன ரெசிஸ்டர்கள். நிரலில் வரிசையை மாற்றியிருந்தான், கூடவே அவனாகவே ஒன்று சேர்த்திருந்தான்: சென்சார் 30 வினாடி பதில் சொல்லாவிட்டால் மின்சாரத்தை வெட்டி ஏற்றுவது, அப்படி மூன்று முறை செய்தும் எழாவிட்டால் நிறுத்திவிட்டு அவன் கைபேசிக்குச் செய்தி அனுப்புவது. அணைத்த நிலையில் 5 வோல்ட் முனையில் மீட்டரை வைத்தோம். 0.02. எல்இடி இருட்டாக இருந்தது. சமையலறை ஜன்னலில் மாட்டுவதற்கு முன் சென்சாரின் காற்று வாயைக் கீழ்நோக்கித் திருப்பச் சொன்னேன், இங்கே மழை சாய்ந்து அடிக்கும்.